மூன்றாம் பரிசு

ஹர்லிங் கிளப்பின் குலுக்கலில்
முதல் பரிசு ஒரு கிடாரிக் கன்று.
இரண்டாவது, ஒரு தொட்டி நிறைய ஹீட்டர் எண்ணெய்.
மூன்றாவதுதான் எங்களுக்கு விழுந்தது:
இருபத்தாறு வருடம் மரத்துக்குள் படுத்திருந்த விஸ்கி.
"கன்று விழுந்திருந்தால் கட்ட இடமேது?" என்றான் கோல்மன்,
புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
யால் கடைத்தெரு மழையில் நடந்தபடி.

அது பிப்ரவரி.
மார்ச் காய்ச்சலில் அவனுக்கு மூக்கு போயிற்று.
மூக்கு இருக்கிறது, முகத்தின் நடுவில், பெரிதாகவே.
மணம்தான் வருவதில்லை.
தீய்ந்த ரொட்டி, கடற்பாசி, நனைந்த நாய்
எல்லாம் ஒரே வெள்ளைச் சுவர்.
புட்டியை அலமாரியில்
மாவு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.
தேடுகிறவன் கண்ணில் படாதபடி
அவன் தேடவும் இல்லை.

நவம்பர் புயலில் மின்சாரம் போன இரவு
மெழுகுவத்தி கேட்டு வந்தான் ஃபாக்ட்னா,
கன்றை வென்ற அதே ஃபாக்ட்னா.
மெழுகுவத்தியும் மாவு டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது.
"டெர்வ்லா," என்றான், "இது இன்னுமா மூடிக் கிடக்கிறது?"
கேட்டுவிட்டுக் கோல்மனைப் பார்த்தான்.
பிறகு தரையைப் பார்த்தான்.
"திற," என்றான் கோல்மன்.

கார்க் வழிவிட்டபோது
தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
பழைய சேணத்தின் நிறம்.
கிளாஸைச் சுழற்றினால் உட்சுவரில் சொட்டுகள்
இறங்க மனமில்லாமல் இறங்கின.

ஃபாக்ட்னாவுக்கு வாய் சும்மா இருக்காது:
"முளைகட்டிய பார்லிக்கு வரி போட்டார்கள் ஒரு காலத்தில்.
முளைக்காததையும் சேர்த்துக் காய்ச்சினார்கள் நம் ஆட்கள்.
வரி போய்விட்டது, ருசி நின்றுவிட்டது."
பீப்பாய் சும்மா கிடக்கும்போதே
வருடா வருடம் கொஞ்சம் காற்றில் போய்விடுமாம்.
போனதைப் பற்றி
அன்றைக்கு யாரும் மேலே பேசவில்லை.

எனக்கு முதலில் ஒரு குத்தல்.
பிறகு காய்ந்த ஆரஞ்சுத் தோல், கிராம்பு,
அதற்கும் பின்னால்
பெயர் தெரிந்தும் வாய்க்கு வராத ஒன்று.
"தேவாலயத்து மரப் பெஞ்சு," என்றான் ஃபாக்ட்னா.
இல்லை.
"வார்னிஷ்."
இல்லை, இல்லை.
கோல்மன் எங்கள் இருவர் முகத்தையும்
வேறு மொழிப் படம் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டென்று பிடிபட்டது.
கோட்டு கூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினேன்.
ஆளிவிதை எண்ணெய் டப்பா, அதன் துணி,
அவன் ஆடிய காலத்து ஹர்லிங் மட்டை,
விரிசலுக்குத் தகரப்பட்டை அடித்தது.
துணியால் ஒரு தடவை இழுத்துத் துடைத்து
ஈரத்தோடு அவன் மடியில் போட்டேன்.
"இதுதான். இதன் வாசனைதான்."

பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனான்.
ஒன்றுமில்லை.
அவன் உதடு இறுகியதைப் பார்த்தேன்,
ஏன் செய்தோம் என்று நின்றேன்.
அப்புறம் கட்டைவிரலை
அகன்ற முனை நெடுக ஒரு முறை ஓட்டினான்.
விரலோடு விரல் தேய்த்தான்.
அதே விரல்களால் கிளாஸை எடுத்தான்.
ஒரு மிடறு. விழுங்கவில்லை.
புயல் கதவை இரண்டு முறை தட்டிப் பார்த்தது.

"வழுக்குகிறது," என்றான்.
"நாக்குக்கு யாரோ எண்ணெய் போடுகிறார்கள்.
அப்புறம் மிளகு, ஓரத்தில் மட்டும்.
கடைசியில் கன்னத்துக்குள் ஒரு இழுப்பு,
மட்டை வெயிலில் காயும்போது பிடிக்கிற மாதிரி."

நாங்கள் மறுபடி குடித்துப் பார்த்தோம்.
ஆமாம், அந்த இழுப்பு.
மூக்கு உள்ள இருவரும்
அதைத் தவறவிட்டிருந்தோம்.

"கன்று எப்படியிருக்கிறது?" என்று கேட்டான் கோல்மன்.
"வேலி தாண்டுகிறது. மாற்றிக்கொள்கிறாயா?"
"போடா."
மின்சாரம் வந்து ஃபிரிட்ஜ் உறுமியது.
விளக்கைப் போட யாரும் எழவில்லை.

காலையில், கழுவாத கிளாஸை
ஜன்னலோரம் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன்.
திருடியைப் போல.
பின்னால் வந்து நின்றான்.
"இன்னும் இருக்கிறதா?"
பதில் சொல்லாமல் நீட்டினேன்.
உள்ளே விரலை விட்டுத் துழாவி
கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தான்.
"ஒட்டுகிறது," என்றான்,
"கழுவாதே."